வாட்ச்மேன் ஓட்டுகிற வண்டி

நான் ரிட்டையர் ஆனதே காலையில் நிம்மதியாகப் பேப்பர் படிக்கத்தான். படிக்க விட்டால்தானே! ஷோரூமில் என்னோடு வேலை பார்த்த பிரபு இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். யாராவது ஒரு பையன் வந்து, "டிராக் டேக்குப் போகணும், கம்மி விலையில ஒரு வண்டி சொல்லுங்க" என்று கேட்டால் போதும், உடனே என் நம்பரைக் கொடுத்துவிடுகிறான். "அருள்தாஸ் அண்ணனைக் கேளுங்க, அவருக்குத்தான் அது அத்துப்படி" என்று ஒரு பில்டப் வேறு. இவனுக்கு மட்டும் தெரியாதா? எல்லாம் தெரியும். சோம்பேறிப் பயல். அதனால் ஒரே தடவையாக எழுதிவைத்துவிடுகிறேன். இனிமேல் கேட்கிறவனுக்கு இந்தக் காகிதத்தைக் கொடு பிரபு, என்னை விடு.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டிராக் டே என்றால் பந்தயம் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ரேஸ் ஓட்டுகிற ரோடு ஒன்று இருக்கிறது. சில நாட்களில் அதை நம்மைப் போன்ற ஆட்களுக்குத் திறந்துவிடுவார்கள். பணம் கட்டிவிட்டு, நம்முடைய வண்டியை நாமே கொண்டுபோய் ஓட்டலாம். கூடவே ஓட்டிச் சொல்லிக்கொடுக்க ஆள் உண்டு. எதிரே ஈ காக்கை வராது. மாடு வராது, தண்ணி லாரி வராது, ராங் சைடில் ஃபோன் பேசிக்கொண்டே வருகிற பெரியவரும் வரமாட்டார்.

என்னுடைய வேலை என்னவாக இருந்தது என்று கேட்டால், செங்கல்பட்டில் ஜிஎஸ்டி ரோட்டு மேல் இருக்கிற ஒரு பைக் ஷோரூமில் பழைய வண்டி பார்ப்பது. புது வண்டி வாங்குகிறவர்கள் பழசைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதை ஓட்டிப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று சொல்லவேண்டும். எங்க அப்பா கடைசி வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு இறங்கினவர். நான் பஞ்சர் கடையில் சேர்ந்தேன், அங்கிருந்து மெக்கானிக் ஷெட், அங்கிருந்து ஷோரூம். கற்றுக்கொண்ட வருஷங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கை எப்போதும் கருப்பாக இருந்தது, மாதா கோயிலில் பூசைக்குப் போனால் பக்கத்தில் உட்காருகிறவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான்.

நிஜமாகத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் மேனேஜர் தனசேகர் சார். அவர் கத்தமாட்டார். கத்தினால்கூடத் தேவலை. காலையில் எங்களுக்கு முன்னாலேயே வந்து, யார்டில் நிற்கிற வண்டிகளில் ஏதோ ஒன்றில் தன் கையாலேயே ஒரு கோளாறு பண்ணிவைப்பார். ஒரு நட்டைத் தளர்த்துவார், கிளட்ச் கேபிளைக் கொஞ்சம் இழுத்துவிடுவார், ஒரு டயரில் காற்றைக் குறைப்பார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் நாங்கள் அதைக் கண்டுபிடிக்கவேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் திட்டமாட்டார். பேசாமல் வந்து நம் பக்கத்தில் உட்கார்ந்து, நம் டப்பாவைத் திறந்து, அதில் எது நன்றாக இருக்கிறதோ அதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். என் வீட்டுக்காரி செல்வி முட்டை வறுவல் வைத்துவிடுகிற நாளாகப் பார்த்துத்தான் கண்ணுக்கே தெரியாத கோளாறாகப் பண்ணுகிறார் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

ஒருநாள் எவ்வளவு தேடியும் கோளாறு சிக்கவில்லை. யார்டில் இருந்த அத்தனை வண்டியையும் புரட்டிவிட்டோம். ஒன்றில் ஃபுட்ரெஸ்ட்டில் வெடிப்பு, ஒன்றில் பின்சக்கரம் கோணல், ஒன்றில் ஏர் ஃபில்டருக்குள் செத்த பல்லி. எல்லாவற்றையும் அவர் முன்னால் கொண்டுபோய் வைத்து, "இதுல எது சார் உங்களுது?" என்று கேட்டோம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடடா, இன்னிக்கு நான் லேட்டா வந்தேன்பா. ஒண்ணுமே பண்ணலை" என்றார். பாவம், பரிகாரமாகத் தன் டப்பாவை எங்களிடம் நீட்டினார். எலுமிச்சை சாதம். உப்பும் இல்லை, புளிப்பும் இல்லை. இந்த மனுஷன் ஏன் எங்கள் டப்பாவுக்கு அலைகிறார் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது.

அவர் வண்டி பார்க்கிற முறையைத்தான் நான் கடைசிவரை வைத்திருந்தேன். வண்டி உள்ளே வந்ததும் சாவியைத் தொடக்கூடாது. முதலில் இன்ஜின் மேல் உள்ளங்கையை வைக்கவேண்டும். பக்கத்துத் தெருவிலிருந்து வந்த வண்டியே கொதித்தால், விற்க வந்தவன் வீட்டிலேயே ரொம்ப நேரம் ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்து கொண்டுவந்திருக்கிறான் என்று அர்த்தம். ஆறின இன்ஜின் அவனிடம் ஒழுங்காக ஸ்டார்ட் ஆவதில்லை. அடுத்து வண்டிக்கு நேர் எதிரே நின்று முன்சக்கரமும் ஹேண்டிலும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அப்புறம் சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை ஒரே விரலால் மெதுவாகத் திருப்பவேண்டும். நடுவில் ஓரிடத்தில் சொத்தென்று உட்கார்ந்தால் பேரிங் போச்சு. எல்லாம் முடிந்த பிறகுதான் சாவி. இதற்குள் விற்க வந்தவன் மூஞ்சி தொங்கிவிடும்.

டிராக் டே மோகம் வந்த பிறகு பையன்கள் இந்தப் பழைய வண்டிகளைத் தேடி வர ஆரம்பித்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் கேட்கிற வண்டி இருக்கிறதே! ஊரப்பாக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். ஃபோனில் ஒரு படத்தைக் காட்டினார். பெரிய வெளிநாட்டு வண்டி, அதன் ஒரு கண்ணாடி விலைக்கு நான் வீட்டுக்கு வெள்ளையடிப்பேன்.

"விழுந்தா என்ன பண்ணுவீங்க தம்பி?"

"விழமாட்டேன் அண்ணா."

"அப்போ எதுக்கு டிராக்கு? ஊரப்பாக்கம் ஸ்டேஷன் வாசல்லயே ஓட்டுங்க. அங்க விழாம ஓட்டுறவன் எங்கயும் விழமாட்டான்."

கோபித்துக்கொண்டு போய்விட்டார். நான் சொல்வது இதுதான். டிராக்கில் ஓட்டப் பழகுகிறவன் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் விழுவான். விழுந்தால் உடைவது பிரேக் லீவர், ஃபுட்ரெஸ்ட், ஹேண்டில். இந்த மூன்றும் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பின்னால் இருக்கிற கடையில் கேட்ட உடனே எடுத்துக்கொடுக்கிற மாதிரி வண்டியாக இருக்கவேண்டும். நூற்றைம்பது, இருநூறு சிசி போதும். டேங்கில் சொட்டை இருந்தால் இருக்கட்டும், ஃபிரேம் நேராக இருக்கவேண்டும். ஸ்டிக்கருக்கும் சைலன்சருக்கும் கொட்டுகிற காசை டயருக்கும் பிரேக்குக்கும் போடுங்கள்.

இதையெல்லாம் நான் நன்றாகத் தெரிந்துகொண்டது பூங்காவனத்தால்தான்.

நான் ரிட்டையர் ஆகப்போகிற மாசம். நெம்மேலி பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து ஒரு அம்மா ஷோரூமுக்குள் நுழைந்தாள். அவள்தான் பூங்காவனம். நாற்பது தாண்டியிருக்கும். இடுப்பில் சுருக்குப்பை, கையில் ஹெல்மெட். ஏசி ரூமில் உட்கார்ந்திருந்த சேல்ஸ் பையன்கள் மூக்கைச் சுளித்தார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை.

"இங்க பழைய வண்டி பாக்குறது யாரு? நீயா அண்ணாத்த? எனக்கு ரேஸு வண்டி ஒண்ணு வோணும். வெல கம்மியா."

யாரோ பிள்ளைக்குக் கேட்கிறாள் என்று நினைத்தேன். "பையன் எங்கம்மா?"

"இன்னா பையன்? நான்தான் ஓட்டப்போறேன். கியர் வண்டிக்கே லைசென்சு எடுத்து வெச்சிகீறேன், பாக்குறியா?"

உட்காரவைத்து டீ சொன்னேன். கதையைச் சொன்னாள். கரையில் மீன் ஏலம் எடுத்து, மொபெட்டில் பெட்டி கட்டி, மகாபலிபுரம் வழியாக அணுபுரத்துக்குக் கொண்டுபோய் வீடு வீடாக விற்பவள். அங்கே எல்லாம் அணுமின் நிலையத்தில் காலை ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் வீடு. சீக்கிரம் போனால்தான் வியாபாரம். போன வருஷம் கடலோர ஈசிஆர் ரோட்டு வளைவு ஒன்றில், காற்றில் ஏறிக் கிடந்த மணலில் வண்டி வழுக்கிவிட்டது.

"காலு முறிஞ்சி கெடக்கறேன் அண்ணாத்த, மீனெல்லாம் ரோட்டுல. ஒரு ஆளு ஓடியாந்தான். தூக்கிவுட வரான்னு கையை நீட்டறேன். அவன் ஒரு வஞ்சிரத்த தூக்கினு பூட்டான்!"

கால் சேர்ந்துவிட்டது. பயம்தான் போகவில்லை. நேர் ரோட்டில் பழையபடி பறக்கிறாள். வளைவு வந்தால் போதும், தானாகவே இரண்டு காலும் தரைக்கு வந்துவிடுகிறது. தரையை மிதித்து மிதித்தே வளைவைத் தாண்டுகிறாள். வழியெல்லாம் வளைவு, அணுபுரம் போய்ச் சேருவதற்குள் சமையல் முடிந்துவிடுகிறது. இவளுடைய ஓரகத்தி ஷேர் ஆட்டோவில் போய், பாதித் தெருவைப் பிடித்துக்கொண்டாள். மிச்சத் தெருவும் போய்விட்டால் இருபது வருஷமாகப் பார்த்த வியாபாரம் போச்சு.

அணுபுரத்தில் மீன் வாங்குகிற ஒரு சாருடைய பொண்ணு டிராக்கில் ஓட்டுகிறதாம். அதுதான் சொல்லியிருக்கிறது, பொம்பளைங்களுக்கு என்று தனி பேட்ச் இருக்கிறது, வளைவில் எப்படிச் சாய்வது என்று கற்றுக்கொடுக்கிறார்கள், ஆனால் மொபெட்டை உள்ளே விடமாட்டார்கள் என்று.

"எதிர்ல யாரும் வரமாட்டாங்களாமே அண்ணாத்த? மணலும் இருக்காதாம். அந்த மாதிரி ரோடு கெடச்சா எம் பயம் தெளிஞ்சிரும். இந்த ஒருவாட்டி போறேன். தெளியலன்னா மொபெட்ட வித்துட்டு வூட்டோட குந்திக்கறேன்."

என் சர்வீஸில் ரேஸ் வண்டி கேட்டு வந்தவர்களில் இவ்வளவு சரியான காரணத்தோடு வந்தது இவள் ஒருத்திதான். 

யார்டுக்குக் கூட்டிப்போனேன். நேராக ஒரு சிவப்பு வண்டியிடம் போய் நின்றாள். முன்னால் பிளாஸ்டிக் மூடி போட்டு, மின்னி, பார்க்க ரேஸ் வண்டி மாதிரியே இருக்கும். குனிந்து மோந்து பார்த்தாள். டேங்கை விரலால் அழுத்தினாள். சுற்றி வந்து கேட்டாள்: "இது எப்போ புடிச்சது?"

"இது மீன் இல்லம்மா. போன மாசம் வந்தது."

"பளபளன்னு கீது. இதையே குடு."

"முன்சக்கரத்து ஃபோர்க் வளைஞ்சிருக்கு. எங்கயோ அடிச்சிட்டு வந்து பெயின்ட் போட்டிருக்கான். செவுள் செவப்பா இருந்தா போதுமா? சாயம் பூசமாட்டாங்களா?"

சட்டென்று நிமிர்ந்து என்னை முறைத்தாள். "என் மீன சொல்றியா நீ?"

அவளைச் சமாதானப்படுத்த இன்னொரு டீ ஆனது. கடைசியில் மூலையில் நின்ற ஒரு நீல வண்டியைக் காட்டினேன். நூற்றறுபது சிசி. டேங்கில் சொட்டை, சீட்டில் கிழிசல். சாப்பாடு டெலிவரி பண்ணின பையன் கொடுத்தது. ஆனால் கம்பி மாதிரி நேரான ஃபிரேம், ஆறின இன்ஜின் ஒரே அமுக்கில் ஸ்டார்ட். ரோட்டில் நின்று எண்ணிப் பார்த்தால் போகிற வண்டியில் பாதி இந்த மாடல்தான். அவளுக்குப் பிடிக்கவே இல்லை. "அணுபுரம் கேட்டு வாட்ச்மேன்கூட இத்ததான் வெச்சிகீறான்" என்று மூக்கை உறிஞ்சினாள். நான் விடவில்லை. அவளும் பேரத்தை விடவில்லை. எங்கள் பில்லிங் பையன் தலையில் கை வைத்து உட்கார்ந்த பிறகுதான் வாங்கிக்கொண்டாள்.

டிராக்குக்கு ஏற்றபடி தயார் பண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. கண்ணாடி, நம்பர் பிளேட்டு, சைடு ஸ்டாண்டு எல்லாம் கழற்றவேண்டும். ஹெட்லைட், இண்டிகேட்டர் மேல் டேப் ஒட்டவேண்டும், விழுந்தால் கண்ணாடித் துண்டு ரோட்டில் சிதறக்கூடாது. ஆயில் வடிகிற போல்ட்டில் ஓட்டை போட்டு, கம்பி கோத்து முறுக்கிக் கட்டவேண்டும், அது கழன்று ஆயில் கொட்டினால் பின்னால் வருகிற அத்தனை பேரும் விழுவார்கள். நானும் பிரபுவும் உட்கார்ந்து எல்லாம் செய்தோம். புது டயர், புது பிரேக் பேடு போட்டோம். "வூட்ல ஓரமா நிறுத்தி வை. யாரும் கை வைக்கக்கூடாது" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினேன்.

யாரும் என்று சொன்னேனே தவிர, புருஷன் என்று தனியாகச் சொல்லவில்லை.

அவள் புருஷன் ஏகாம்பரம் சொந்தப் படகு, அவர் பாஷையில் போட்டு, வைத்து மீன் பிடிக்கிறவர். "மீன் விக்கிற பொம்பளைக்கு ரேஸு கேக்குதா" என்று ஒரு மாசமாக அவளோடு பேச்சில்லை. டிராக்குக்கு முந்தின நாள் சாயந்தரம் மனசு இளகியிருக்கிறது. இளகினவர் நாலு வார்த்தை நல்லதாகப் பேசியிருக்கலாம். அவருக்கு வேறு வழியில் பாசம் வந்துவிட்டது. மீன்பிடித் தடைக்காலத்தில் போட்டு இன்ஜினை வீட்டுக்குக் கொண்டுவந்தால் உப்புக்காற்றில் துரு ஏறாமல் இருக்க என்ன செய்வார்களோ அதைச் செய்திருக்கிறார். பழைய இன்ஜின் ஆயிலையும் மீன் எண்ணெயையும் கலந்து, துணியில் தோய்த்து, வண்டியில் இரும்பு என்று கண்ணில் பட்ட இடமெல்லாம் தேய்த்திருக்கிறார். இரும்பு முடிந்து எண்ணெய் மீந்ததால் டயருக்கும் போட்டுவிட்டார்.

மறுநாள் காலை ஒரு குட்டி யானை டெம்போவில் வண்டியை ஏற்றிக்கொண்டு புருஷனும் பொண்டாட்டியும் டிராக்குக்கு வந்தார்கள். நான் ஸ்கூட்டரில் போய் முன்னாலேயே நின்றேன். வண்டி இறங்கியது. அந்த நாற்றம்! பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பூனை எழுந்து வந்தது.

உள்ளே விடுவதற்கு முன் ஒவ்வொரு வண்டியையும் சோதிக்க ஒருவர் நிற்பார். அவர் முன்பிரேக் டிஸ்கில் விரலை வைத்தார். விரலைப் பார்த்தார். மோந்தார். டயரைத் தொட்டார். ரொம்ப மரியாதையாக, "அம்மா, இதை உள்ள விட முடியாது. பிரேக் பிடிக்காது, டயர் வழுக்கும். முதல் வளைவுலயே விழுந்துடுவீங்க" என்றார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பு இல்லை.

பூங்காவனம் முகத்தைப் பார்க்கவேண்டுமே! "விழுந்துடுவீங்க" என்று காதில் விழுந்ததும் அப்படியே வெளுத்துவிட்டாள். ஹெல்மெட்டைத் தரையில் வைத்தாள். "நான் வூட்டுக்குப் போறேன் அண்ணாத்த. இது நமக்கு ஒத்துவராது."

எனக்கு வந்ததே கோபம். "யோவ் ஏகாம்பரம், இது என்ன போட்டா? உன்னை யாருய்யா தொடச் சொன்னது?"

"உப்புக்காத்து நைனா... துரு ஏறக்கூடாதேன்னு... ராத்திரி பூரா குந்தி நல்லா நைசா தேச்சேன்" என்றார் அந்த மனுஷன், கண் கலங்க. அவரை என்னவென்று திட்டுவது?

சோதிக்கிறவரிடம் கெஞ்சினேன். "முதல் ரவுண்டு போகட்டும் சார், அடுத்த ரவுண்டுக்குள்ள சரி பண்ணிக் காட்டறேன்." சரி என்றார். ஏகாம்பரத்தின் கையில் ஒரு பக்கெட்டையும் பாத்திரம் கழுவுகிற சோப்பையும் கொடுத்து டயரைத் தேய்க்கச் சொன்னேன். தேய்க்கத்தான் அவருக்கு நன்றாக வருமே. டிஸ்கை நான் பெட்ரோலில் கழுவினேன். பின்பிரேக் டிரம், மூடிக் கிடந்ததால் தப்பித்தது. ஆனால் முன்பிரேக் பேடு எண்ணெயைக் குடித்துவிட்டது. அதைக் கழுவி ஒன்றும் ஆகாது, மாற்றவேண்டும். கையில் வேறு பேடு இல்லை. ஞாயிற்றுக்கிழமை, பக்கத்தில் கடை எதுவும் திறந்திருக்காது. செங்கல்பட்டு ஷோரூமுக்குப் போய் வருவதற்குள் அடுத்த ரவுண்டே முடிந்துவிடும்.

அப்போதுதான் டிராக் கேட்டில் நிற்கிற வண்டி கண்ணில் பட்டது. கேட்டு வாட்ச்மேனுடையது. அதே மாடல், நீலத்துக்குப் பதில் கருப்பு. ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன்.

"என் வண்டில பிரேக்க கழட்டுவியா? இன்னா விளையாடறியா? நான் எப்டி வூட்டுக்குப் போறது?"

"சாயந்தரம் திருப்பி மாட்டிக் குடுத்துடறேன் அண்ணா."

"அதெல்லாம் முடியாது. பேஜாரு புடிச்ச வேலை."

வீட்டுக்குக் கிளம்பியிருந்த பூங்காவனம் இதைக் கேட்டுக்கொண்டே வந்தவள், நின்றுவிட்டாள். பேரம் என்றால் அவளுக்கு நிற்காமல் போகத் தெரியாது. "அண்ணாத்த, உங்க வூட்ல மீன் துன்றவங்களா?"

"துன்னுவோம். அதுக்கு?"

"வஞ்சிரமா, சங்கராவா?"

வாட்ச்மேன் கொஞ்சம் யோசித்தார். "வஞ்சிரம். நடுத்துண்டு. தலையத் தள்ளிவுடக் கூடாது" என்றார்.

அலென் கீயைப் போட்டு அவர் வண்டியிலிருந்து பேடைக் கழற்றி இவள் வண்டியில் மாட்டினேன். சோதிக்கிறவர் வண்டியை உருட்டி, பிரேக்கைப் பிடித்து, மறுபடி டிஸ்கைத் தொட்டு, மறுபடி விரலை மோந்து, ஸ்டிக்கரை ஒட்டினார். விலை உயர்ந்த வண்டியாக இருந்தால் அன்றைக்கு அவள் கதை அந்தக் கேட்டிலேயே முடிந்திருக்கும். பிரபு, இந்த இடத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டுவை.

முதல் தடவை உள்ளே போனாள். நேர் ரோட்டில் காற்றாகப் போனாள். வளைவு வந்தது, இரண்டு காலும் தரையில். டிராக்கில் காலை ஊன்றி மிதித்துக்கொண்டு போன முதல் ஆள் இவளாகத்தான் இருக்கும். சொல்லிக்கொடுக்கிற பொண்ணு பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு, கையால் "மேலே, மேலே" என்று காட்டிக்கொண்டே போனது. வேலிக்கு இந்தப் பக்கம் ஏகாம்பரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் வருகிற ஒவ்வொரு தடவையும், "கால தூக்குடீ!" என்று கத்தினார். கடல் இரைச்சலில் கத்திப் பழகின தொண்டை. மற்ற வண்டிக்காரிகள் எல்லாம் பயந்துபோய்த் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டார்கள்.

மத்தியானத்துக்கு மேல் ஒரு கால்தான் இறங்கியது. அப்புறம் கடைசி ரவுண்டு. வேலிக்கு எதிரே இருக்கிற வலதுபக்க வளைவுக்கு வந்தாள். ஏகாம்பரம் வாயைத் திறந்தவர் கத்தவில்லை. வண்டி சாய்ந்தது. அவளும் அதோடு சாய்ந்தாள். கால் இறங்கவில்லை. நிமிர்ந்து, அடுத்த வளைவுக்குப் போய்க்கொண்டே இருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏகாம்பரம் எண்ணெய்க் கையாலேயே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்தச் சட்டையைச் செல்வி அப்புறம் வீட்டுக்குள் விடவில்லை.

வாட்ச்மேன் பேடை அவருக்கே மாட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பூங்காவனம் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வந்தாள். வியர்வை வழிகிறது. ஏதோ நன்றி சொல்லப்போகிறாள் என்று நானும் எழுந்து நின்றேன்.

"அண்ணாத்த, இந்த வண்டிய வித்துக் குடுத்துடு."

"ஏம்மா? இப்பதானே ஓட்ட வந்துச்சி!"

"வந்த வேல முடிஞ்சிச்சி. மீன் பொட்டி வெக்க எடமில்லாத வண்டிய வெச்சினு நான் இன்னா பண்றது?"

"அதெல்லாம் விக்கக் கூடாது" என்று குறுக்கே வந்தார் ஏகாம்பரம், டேங்கைத் தடவிக்கொண்டே. "ஆம்பளைங்க பேட்ச்சு எப்போன்னு கேட்டுக்கினு வா நைனா." அவரைக் குட்டி யானையில் ஏற்றுவதற்குள் எனக்கும் டிரைவருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது.

மறுநாள் காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், ஃபோன் அடித்தது. பூங்காவனம். பின்னாலே குக்கர் விசில், ஸ்கூல் பஸ் ஹாரன், யாரோ ஒரு அம்மா "நெத்திலி இருக்கா?" என்று கேட்கிற குரல்.

"அண்ணாத்த, அணுபுரம் வந்துட்டேன்."

"நீ விழுந்த அந்த வளைவுல கால் ஊனினியா?"

"ஐஸு உருகினு கீது அண்ணாத்த, கால ஊன நேரம் ஏது? ஃபோன வை, வை, ஓரகத்தி இப்போதான் வரா."